சகலை போகாத நாடு

இப்ப உடனே திரும்பாதீங்க அண்ணாச்சி. சும்மா கடிகாரத்தைப் பார்க்கிற மாதிரி பாருங்க. மூணாவது தூணுக்குப் பக்கத்துல, கோடு போட்ட சட்டை, தலைக்கு மை அடிச்ச ஒரு ஆள் உட்கார்ந்திருக்கானா? விசா ஆபீசுக்குக் கேமராவோட வந்திருக்கான். வாசல்லயே வாங்கி வச்சுட்டாங்க. அதான் கை ரெண்டையும் எங்க வைக்கிறதுன்னு தெரியாம முழிச்சுக்கிட்டு இருக்கான். அவன்தான் என் சகலை. என் வீட்டம்மாவோட தங்கச்சி புருசன். பக்கத்துல ரெண்டு பொம்பளைங்க தலையோட தலை முட்டுற மாதிரி பேசிக்கிட்டு இருக்காங்களே, அதுல பச்சைச் சேலை அவன் வீட்டம்மா சுந்தரவல்லி. இன்னொண்ணு என் வீட்டம்மா அமுதவல்லி. தண்ணி குடிச்சிட்டு வர்றேன்னு என்கிட்ட சொல்லிட்டுப் போனா. அரை மணி நேரமாத் தண்ணி குடிக்கிறா.

உங்க டோக்கன் என்ன? எண்பத்தி நாலா. எனக்கு எழுபத்தி ஒம்பது. இப்பத்தான் அறுபத்தி ரெண்டு ஓடுது. நேரம் இருக்கு. தூத்துக்குடியா நீங்க? பேச்சுலயே தெரிஞ்சுது. நமக்கு விருதுநகர். பருப்புக் கமிஷன் கடை. என் பேரு தனபாலன். இப்ப பையன் பார்க்கிறான், நான் மத்தியானம் போய்க் கல்லாப்பெட்டி பக்கத்துல உட்கார்ந்து ஒரு டீ குடிச்சிட்டு வருவேன். அவ்வளவுதான். நான் எதையும் பெருசு பண்றவன் இல்லை அண்ணாச்சி. அதை முதல்லயே சொல்லிடறேன். ஊர்ல யாரை வேணாலும் கேளுங்க.

இந்தச் சகலை, பேரு சுகுமாரன், சிவகாசியில காலண்டர் அச்சாபீஸ் வச்சிருக்கான். காலண்டர் போடுறவன் என்ன செய்யணும்? சாமி படம் போடணும், குழந்தை படம் போடணும், பூப்படம் போடணும். இவன் வருசம் ஒரு வெளிநாடு போவான். போய் அங்க நிக்கிறதெல்லாம் படம் எடுத்து, சொந்தக்காரங்களுக்குன்னு தனியா ஒரு மாதக் காலண்டர் அடிப்பான். தை மாசம் வீடு வீடா வந்துரும். ஜனவரியில ஒரு கோபுரத்துக்கு முன்னாடி இவன். பிப்ரவரியில படகுல இவன். மார்ச்சுல பனியில இவன், காதுக்குக் கம்பளி சுத்திக்கிட்டு. எங்க வீட்ல அதைச் சாப்பாட்டு மேசைக்கு நேர் எதிரே மாட்டி வச்சிருக்கா என் வீட்டம்மா. நான் முப்பத்தொரு நாள் அவன் பனியில நிக்கிறதைப் பார்த்துக்கிட்டே இட்லி சாப்பிடணும். மாசம் முடிஞ்சு தாளைத் திருப்புனா நிம்மதின்னு பார்த்தா, ஏப்ரல்ல குதிரை மேல உட்கார்ந்திருக்கான்.

பதினோரு வருசம் அண்ணாச்சி. பதினோரு காலண்டர். பதினோரு நாடு.

ஏன் பதினோரு வருசம்னு கேக்கறீங்களா? அதுக்கு முன்னாடி நாங்க நல்லாத்தான் இருந்தோம். என் மச்சினன் வீட்டுப் புதுமனை புகுவிழா. ரெண்டு மாப்பிள்ளைக்கும் வாசல்ல மாலை போட்டுக் கூட்டிட்டுப் போகணும். மூத்த மாப்பிள்ளை யாரு? நான். முதல் மாலை யாருக்கு? அவனுக்கு. கேட்டா, அவரு வாசப்படி பக்கத்துல நின்னாரு, கை தானாப் போயிருச்சுங்கறான் மச்சினன். சரி, அப்ப இவன் என்ன செய்யணும்? மாலையைக் கழட்டி அண்ணனுக்குப் போடுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லணுமா இல்லையா? கழுத்தை நீட்டி வாங்கிக்கிட்டு உள்ள போயிட்டான். நான் ஒண்ணும் சொல்லலை. நான்தான் எதையும் பெருசு பண்றவன் இல்லையே. சாப்பிடாம கிளம்பி வந்தேன், அவ்வளவுதான். அதுக்கப்புறம் அவன் வீட்டு வாசப்படி மிதிக்கலை, அவனும் என் வீட்டுக்கு வரலை. விருதுநகருக்கும் சிவகாசிக்கும் முக்கால் மணி நேரம். அக்கா தங்கச்சி ரெண்டும் எங்கயாச்சும் கல்யாண மண்டபத்துல பார்த்துக்கும். அதுவும் பந்தி முடிஞ்ச உடனே நான் கிளம்பு கிளம்புன்னுருவேன்.

ஆனா நான் என் வீட்டம்மாவைத் தடுத்தது கிடையாது. ஒருநாளும் போகாதேன்னு சொன்னதில்லை. அவ போறேன்னு சேலை மாத்துனா நான் மத்தியானச் சோறு வேண்டாம்னு சொல்லிட்டுப் படுத்துக்குவேன். அவளாத்தான் போகாம இருந்துக்கிட்டா.

சரி, விசயத்துக்கு வர்றேன். போன தையில காலண்டர் வந்துச்சு. அட்டையில சுவிட்சர்லாந்து. ஒரு மரப்பாலம், பாலம் பூரா பூத்தொட்டி, அதுல சாஞ்சு நிக்கிறாங்க புருசனும் பொண்டாட்டியும். என் வீட்டம்மா சோத்தைப் போட்டுட்டு அந்தப் படத்தையே பார்த்துக்கிட்டு நிக்கிறா. ரசத்துக்குக் கரண்டி போடலை, அப்பளம் எடுத்து வைக்கலை. அப்படிப் பார்க்கிறா. எனக்குச் சுருக்குனு இருந்துச்சு. இந்தப் பிள்ளைக்கு வெளிநாடு பார்க்கணும்னு ஆசை, நம்ம கடை கடைன்னு கிடந்துட்டோம்னு தோணிருச்சு. அன்னைக்கே சொல்லிட்டேன்: இந்த வருசம் நம்ம ஊர் அம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் முடிஞ்ச கையோட நம்மளும் கிளம்புறோம். வசந்த காலத்துலதான் அங்கெல்லாம் நல்லா இருக்குமாம். நம்ம ஊர்ல வசந்தம்னா வெயிலு ஏறுதுன்னு அர்த்தம், அவங்களுக்கு அப்பத்தான் பூப்பூக்குமாம்.

எந்த நாடுன்னு முடிவு பண்ணணும்ல. எனக்கு ஒரே ஒரு நிபந்தனைதான். அவன் போகாத நாடா இருக்கணும். இது பொறாமை இல்லை அண்ணாச்சி, தப்பா நினைச்சுக்கிடாதீங்க. ஒருத்தர் மிதிச்ச இடத்தையே நம்மளும் போய் மிதிச்சா அதுல என்ன இருக்கு. பதினோரு காலண்டரையும் எடுத்து வச்சு, அவன் போன நாட்டையெல்லாம் ஒரு தாள்ல எழுதினேன். உலகத்துல நூத்துத் தொண்ணூறு சொச்சம் நாடு இருக்காம். அவன் போனது வெறும் பதினொண்ணு. அப்ப எவ்வளவு சுலபமா இருக்கணும்? இல்லையே. மிச்சம் இருக்கிற நாட்டுல பாதிக்கு மேல பேரு சொன்னா விருதுநகர்ல யாருக்கும் தெரியாது. தெரியாத நாட்டுக்குப் போய்ட்டு வந்து யார்கிட்டப் பெருமை பேசறது? அவன் போகாததாவும் இருக்கணும், ஆனா அவன் கேள்விப்பட்டதாவும் இருக்கணும். அங்கதான் சிக்கல்.

டிராவல்ஸ்ல ஒரு பொண்ணு, நல்லாப் பேசும். ஜப்பான் போங்க சார், ரோஸ் கலர்ல மரம் பூராப் பூக்கும்னுச்சு. எனக்குப் பிடிச்சுப் போச்சு. எப்பன்னு கேட்டா பங்குனியில, பத்தே நாள்தான், அப்புறம் கொட்டிருமாம். அந்தப் பத்து நாளும் எங்க ஊர்ல பொங்கச் சாட்டிக் காப்புக் கட்டியிருக்கும். காப்புக் கட்டிட்டா எங்க வீட்ல ஊர் எல்லை தாண்டி ஒரு ராத்திரி தங்கமாட்டோம். நீங்க வேணும்னா பூவைக் கொஞ்சம் தள்ளிப் பூக்கச் சொல்லும்மான்னேன். அது சிரிச்சுட்டு ஹாலந்துக்கு ஒரு புத்தகத்தை எடுத்துப் போட்டுச்சு. துலிப் பூ. சித்திரை பிறந்தும் இருக்கும். நம்ம வெங்காயப் பாத்தி மாதிரி கண்ணுக்கு எட்டுற தூரம் பாத்தி பாத்தியா மஞ்சளும் சிவப்பும். நான் தாளை எடுத்துப் பார்த்தேன். ஹாலந்து அதுல இல்லை. முடிஞ்சுது. இதை மட்டும் நம்ம போய்ட்டு வந்து, ஒரே ஒரு படம் பெருசாப் போட்டு சிவகாசிக்கு அனுப்பணும். அதுவும் வேற ஊர் அச்சாபீஸ்ல அடிச்சு.

வீட்ல வந்து சொன்னா, இவ சுவிட்சர்லாந்துதான் வேணுங்கறா. அந்தப் பாலத்துல நிக்கணுமாம். அடியே, அது அவன் போன ஊருடி. அதனாலதாங்க, சுந்தரி சாஞ்சு நின்ன இடத்துல நானும் கொஞ்ச நேரம் நிக்கிறேங்கறா. விவரம் இல்லாத பேச்சைப் பார்த்தீங்களா? ஒரு மாசம் சொல்லிப் பார்த்தேன். மாறவே மாட்டேங்கறா. கடைசியில அவளே சொன்னா, நம்ம ரெண்டு பேரும் எதுக்குச் சண்டை, அம்மன்கிட்டப் பூப்போட்டுக் கேட்டுருவோம்னு. செவ்வரளி வந்தா சுவிட்சர்லாந்து, வெள்ளை நந்தியாவட்டை வந்தா உங்க ஹாலந்து. ஆனா ஒண்ணு, அம்மன் சொன்னதுக்கப்புறம் யாரும் மாத்தக்கூடாது. சத்தியம்னு கையில அடிச்சு வாங்கிக்கிட்டா.

நீங்க கோயிலுக்குப் போறவர்தானே? அப்ப இதை உங்ககிட்டச் சொல்லலாமான்னு தெரியலை. சொல்லிடறேன், நெஞ்சுல வச்சுக்கிட்டு என்ன செய்ய. பூவை இலையில நானே மடிக்கிறேன்னு வாங்கினேன். ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளையை வச்சு மடிச்சேன். செவ்வரளி ஒண்ணு கையில மிச்சம். கீழ போட்டா இவ பார்த்துருவான்னு சட்டைப் பையில போட்டுக்கிட்டேன். அம்மன் காலடியில வச்சு, அங்க விளையாடிக்கிட்டு இருந்த ஒரு சின்னப் பாப்பாவை விட்டு எடுக்கச் சொன்னார் பூசாரி. பிரிச்சா வெள்ளை. வராம எங்க போகும். மத்த பொட்டலத்தை நான் சத்தமில்லாம எடுத்து மரத்தடியில போட்டுட்டேன். அம்மன்கிட்ட மனசுக்குள்ள பேசிட்டேன், தாயே, இந்தப் பங்குனிக்கு ஒண்ணுக்கு ரெண்டா அக்கினிச்சட்டி எடுத்துடறேன், இதைக் கண்டுக்காதேன்னு.

வேடிக்கை என்னன்னா, ஒரு மாசமாச் சுவிட்சர்லாந்து சுவிட்சர்லாந்துன்னு நின்னவ, வெள்ளை வந்ததும் மூஞ்சி அப்படி மலர்ந்து போச்சு. அம்மன் சொல்லிட்டா, ஹாலந்துதான், இனி மாத்தமாட்டீங்கள்லன்னு மூணு தடவை கேட்டா. பக்தின்னா அது பக்தி. நான் அவகிட்டக் கண்டிசனாச் சொல்லிட்டேன், சிவகாசிக்கு ஒரு வார்த்தை போகக்கூடாது, தெரிஞ்சா அவன் நமக்கு முன்னாடி ஓடிருவான்னு. சரின்னா. என் பேச்சைத் தட்டமாட்டா அண்ணாச்சி, அந்தக் குணம் மட்டும் அவகிட்டத் தங்கம். அதுக்கப்புறம் ஊர் பேச்சே எடுக்கலை. வத்தல் போடறதுல இறங்கிட்டா. மேகம் போட்ட நாள்ல கூட வத்தல் காயப்போடப் போறேன்னு செல்போனையும் எடுத்துக்கிட்டு மாடிக்குப் போயிருவா. ஒரு மணி நேரம் கழிச்சுச் சிரிச்ச முகமா இறங்கி வருவா. இன்னைக்கு வரைக்கும் ஒரு வத்தல் என் தட்டுக்கு வந்ததில்லை, அது வேற விசயம்.

எத்தனை ஓடுது? அறுபத்தி எட்டு. சரி.

இன்னைக்குக் காலையில இந்த ஹாலுக்குள்ள நுழையறோம். தூண் பக்கத்துல யாரு? அவன். கையில அதே டிராவல்ஸ் ஃபைலு. அதே ஹாலந்து. அதே தேதி. ஒரே குரூப்பாம் அண்ணாச்சி, ஒரே பஸ்ஸு, பத்து நாள். எனக்கு உச்சந்தலைக்கு ஏறிருச்சு. நம்ம போறோம்னு தெரிஞ்ச உடனே பணத்தைக் கட்டிட்டு வந்து நிக்கிறான் பாருங்க, அடுத்தவன் எங்க போறான்னு பார்த்து அதை வச்சு ஊரு முடிவு பண்ற புத்தி. எவ்வளவு சின்ன புத்தி. மனுசன் அப்படியா இருப்பான்?

வா, வீட்டுக்குப் போவோம்னேன். இந்த நாடே வேண்டாம், வேற பார்ப்போம்னேன். இவ நகரலை. அம்மன் குடுத்த உத்தரவு, மாத்தக்கூடாதுங்கறா. நான் என்ன சொல்றது? உத்தரவு அம்மன் குடுத்தது இல்லைடி, நான் குடுத்ததுன்னு சொல்ல முடியுமா? வாயைத் திறந்தா மாட்டிக்குவேன். திறக்கலைன்னா அவனோட பத்து நாள் பஸ்ல போகணும். அப்பச் சொன்னா அண்ணாச்சி. கோபமாக் கூடச் சொல்லலை.

“உங்க சட்டைப் பையில செவ்வரளி இருந்துச்சு. துவைக்கப் போடும்போதே பார்த்தேன். அம்மன் சொன்னான்னு நான் நினைக்கலை. சாமியையே ஏமாத்துற அளவுக்கு நீங்க ஆசைப்பட்ட ஊரு, இனி மாறமாட்டீங்கன்னு நம்பித்தான் சுந்தரிக்குச் சொன்னேன். நாங்க ஒண்ணாப் படுத்து விடிய விடியப் பேசிப் பதினோரு வருசம் ஆச்சுங்க.”

சொல்லிட்டு ஃபைலை என் கையில குடுத்துட்டுத் தண்ணி குடிக்கப் போயிட்டா.

நீங்களே சொல்லுங்க, இது நியாயமா? கட்டுன புருசனை இப்படியா கட்டம் கட்டுறது? சுவிட்சர்லாந்து சுவிட்சர்லாந்துன்னு ஒரு மாசம் நின்னதே என்னை ஹாலந்துல ஆணி அடிச்சு நிறுத்தத்தானோன்னு இப்பச் சந்தேகமா இருக்கு. அங்க சிவகாசியில அக்கா வீட்ல ஹாலந்து போறாங்களாம்னு ஒரு வார்த்தை போட்டிருப்பா அந்தச் சுந்தரி. அவன் அடுத்த நாளே கிளம்பியிருப்பான். எனக்குப் பாருங்க, எழுந்து போயிரலாம்னுதான் தோணுச்சு. இந்தச் சீட்டுக்கு மாறி உட்கார்ந்ததே வாசலுக்குப் பக்கம்னுதான். இப்பவும் ஃபைலு என் கையிலதான் இருக்கு. நான் எழுந்து நடந்தா இன்னைக்கு விசா கிடையாது.

சரி, போறதுக்கு முன்னாடி எல்லாம் இருக்கான்னு பார்ப்போம்னு ஃபைலைத் திறந்தேன். வெள்ளைப் பின்னணியில ஃபோட்டோ கேட்டிருந்தாங்கள்ல, அதைத் தேடுனேன். பழைய கல்யாணப் பத்திரிகை கவர் ஒண்ணு இருந்துச்சு. அதுல இருக்கும்னு கவுத்தேன். இந்தா பாருங்க, இதெல்லாம் விழுந்துச்சு. காலண்டர்ல வெட்டுனது. அந்தக் காலண்டர்தான், பதினோரு வருசத்தது. பார்த்த உடனே எனக்கு உள்ளூரச் சந்தோசம் அண்ணாச்சி. எதுலயும் அவன் இல்லை. கத்தரிக்கோலை வச்சு அவனை அப்படியே ஓரங்கட்டி வெட்டியிருக்கா. இதைப் பாருங்க, தோள் மேல அவன் விரல் நாலு மட்டும் மிச்சம் இருக்கு. நம்ம வீட்டம்மாவும் நமக்காக இவ்வளவு நாள் மனசுக்குள்ள ஒரு கோபம் வச்சிருந்திருக்காளேன்னு நினைச்சேன்.

ஆனா பாருங்க, மலையையும் காணோம்.

கோபுரம் எங்க? படகு எங்க? அந்தப் பாலம், அது வேணும் வேணும்னு நின்னாளே, அதையும் வெட்டி எறிஞ்சிருக்கா. எல்லாத்துலயும் தங்கச்சி மட்டும்தான் இருக்கு. பதினோரு காலண்டருக்குப் பதினோரு தங்கச்சி. பின்னாடி வருசம் எழுதியிருக்கா, பென்சில்ல. நீங்க வர்றதுக்கு முன்னாடி வரிசையா அடுக்கிப் பார்த்துக்கிட்டு இருந்தேன். இது முதல் வருசம். முடி எவ்வளவு கறுப்பு பாருங்க. இதுல கண்ணாடி போட்டிருச்சு. இதுல கன்னம் ஒட்டியிருக்கு, அந்த வருசம் ஏதோ ஆபரேசன்னு சொன்னாங்க, நான் இவளை அனுப்பலை. அனுப்பலைன்னு இல்லை, சோறு வேண்டாம்னு படுத்துக்கிட்டேன். இதுல முன்நெத்தி வெளுத்துப் போச்சு. முக்கால் மணி நேரத் தூரத்துல இருக்கிற தங்கச்சிக்கு வயசாகிறதை என் வீட்டம்மா காலண்டர்ல பார்த்திருக்கா. நான் எதிரே உட்கார்ந்து இட்லி தின்னுக்கிட்டு, சுவிட்சர்லாந்தைப் பார்க்கிறான்னு நினைச்சிருக்கேன்.

எனக்குச் சங்கடமாப் போச்சு அண்ணாச்சி. மறைக்கிறதுக்கு என்ன இருக்கு. ரொம்பச் சங்கடமாப் போச்சு.

இல்லை, கண்ணு வேர்க்கலை, இங்க ஏசி நேரா மூஞ்சியில அடிக்குது.

எழுபத்தி மூணு ஓடுது. இருங்க, இருங்க. அவன் எழுந்திரிச்சுட்டான். பையைத் தடவுறான். பாரத்துல கையெழுத்துப் போடாம வந்திருப்பான், பேனா இருக்காது. பதினோரு நாடு போனவன், பேனா எடுத்துட்டு வரத் தெரியலை. அந்தப் பொண்ணுகிட்டக் கேக்கறான், இல்லைங்குது. அந்தப் பெரியவர்கிட்டயும் இல்லை. இங்க எவன்கிட்டயும் இருக்காது, எல்லாம் செல்போன் ஆளுங்க. என் சட்டைப் பையில ரெண்டு இருக்கு, கடைக்காரன் புத்தி. ஐயையோ, இந்தப் பக்கம் வர்றான். நீங்க கடிகாரத்தைப் பாருங்க அண்ணாச்சி. என்னைப் பார்க்காதீங்க.

…

ம். இருக்கு, தம்பி. இந்தாங்க. மெதுவா எழுதுங்க, நம்பர் வர நேரம் இருக்கு. இல்லை, இல்லை, கேமராவைத் திருப்பித் தந்துருவாங்க, பயப்படாதீங்க.

…

கேட்டீங்களா? அண்ணேங்கறான். “அண்ணே, பேனா இருக்குமா”ன்னு கேட்டான். பதினோரு வருசம் கழிச்சு அந்த வாயில அண்ணே வருது. குரல் கூட உடைஞ்சு கிடக்கு, அவனும் கிழவனாயிட்டான். அங்க பாருங்க, ரெண்டு பொம்பளைங்களும் பேச்சை நிறுத்திட்டு நம்மளையே பார்க்கிறாங்க. பார்க்கட்டும்.

இதை வச்சு நான் சமாதானம் ஆயிட்டேன்னு நினைக்காதீங்க. நான் எதையும் சின்னதா விட்டுர்றவன் இல்லை. இதோ பாருங்க, பேனாவைத்தான் குடுத்தேன், மூடியைக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டேன். திருப்பிக் குடுக்க அவன்தான் எழுந்து என்கிட்ட வரணும். வரட்டும், உட்காரச் சொல்றேன். நீங்க கொஞ்சம் அந்தச் சீட்டுக்குத் தள்ளி உட்காருங்க அண்ணாச்சி.